எல்லிங்ஸ்ருட்டிலிருந்து சமூகத்தைப் பார்த்தல்: புலம்பெயர் தமிழ் மாணவர்க்குச் சமூகவியல் நோக்கை அறிமுகப்படுத்துதல்

முன்னுரை

நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவின் கிழக்கு எல்லையில், ஓஸ்ட்மார்க்கா காட்டின் விளிம்பில் அமைந்த குடியிருப்புப் பகுதி எல்லிங்ஸ்ருட். நகர நிர்வாகம் 2004இல் சீரமைக்கப்பட்டபோது உருவான ஆல்னா வட்டாரத்துள் இது அடங்கும். ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஒஸ்லோப் புறநகர்களுள் இதுவும் ஒன்று.

இங்கு வளரும் தமிழ் மாணவர் தம் வாழ்வு குறித்த இருவகை விளக்கங்களைக் கேட்டு வளர்கிறார். தேர்வில் புள்ளி குறைந்தால் பிள்ளை கவனமாகப் படிக்கவில்லை என்று வீட்டார் சொல்வர். பெரியோர் சொல்லைக் கேளாவிடின் வளர்ப்புச் சரியில்லை என்று உறவினர் சொல்வர். அதே மாணவர் வகுப்புத் தோழியின் வீட்டில் இரவு தங்க அனுமதிக்கப்படாதபோது, அது அவர்களுடைய பண்பாடு என்று பள்ளியில் சொல்லப்படும். முதல் விளக்கம் யாவற்றையும் தனிமனிதர் குணத்தின்மேல் ஏற்றுகிறது. இரண்டாவது யாவற்றையும் பூர்வீக நாட்டின் மரபின்மேல் ஏற்றுகிறது. தொழில், வீட்டு விலை, சட்டம், பள்ளி, குடிவரவு வரலாறு ஆகியன ஒருவர் முன் எவ்வழிகளைத் திறந்தன, எவற்றை அடைத்தன என்ற கேள்வி இவ்விரண்டிலும் எழுவதில்லை. அக்கேள்வியைக் கேட்கப் பழக்கும் துறையே சமூகவியல்.

நோர்வேயின் மேனிலைப் பள்ளிகளில் 'சமூகவியலும் சமூக மானிடவியலும்' ஒரு விருப்பப் பாடமாக உண்டு. எனினும் அதனை நோர்வேஜிய மொழியில் மட்டும் பயிலும் தமிழ் மாணவர், அங்குப் பெற்ற கருத்துகளை வீட்டுக்குக் கொண்டுவர வழியற்றிருக்கிறார். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளோ மொழியையும் இலக்கியத்தையும் கலைகளையும் கற்பிப்பதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றன. சமூகவியல் நோக்கின் அடிப்படைகளை, எல்லிங்ஸ்ருட்டின் அன்றாட வாழ்வைக் கொண்டே, தமிழில் எவ்வாறு அறிமுகப்படுத்தலாம் என்பதையும், அது தமிழ் மொழிக்கும் தமிழ்க் குடும்பத்துக்கும் ஏன் இன்றியமையாதது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. தனிமனித இடரும் பொதுச் சிக்கலும்

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் வெளியிட்ட 'சமூகவியல் கற்பனை' என்னும் நூலில், ஒருவரின் வாழ்க்கை வரலாற்றையும் அவர் வாழும் காலத்தின் வரலாற்றையும் இணைத்துக் காணும் ஆற்றலை இத்துறையின் உயிர்நாடியாகக் கொண்டார். அவர் தனிமனித இடரையும் பொதுச் சிக்கலையும் வேறுபடுத்தினார். ஒரு நகரில் ஒருவர் மட்டும் வேலையற்றிருப்பின் அவருடைய திறமையையும் முயற்சியையும் ஆராய்தல் பொருந்தும். இலட்சக்கணக்கானோர் வேலையற்றிருப்பின் ஒவ்வொருவரின் குணத்தையும் ஆராய்வதால் விடை கிட்டாது. வேலை வாய்ப்பின் அமைப்பையே ஆராய வேண்டும்.

இக்கருத்தை விளக்க எல்லிங்ஸ்ருட் மாணவர்க்கு அமெரிக்க எடுத்துக்காட்டுத் தேவையில்லை. பெற்றோருக்காக மொழிபெயர்த்த அனுபவம் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பலருக்கு உண்டு. மருத்துவர் அறையில் தாயின் நோயைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எடுத்துச் சொல்லும் நிலையைக் கருதுக. தாய் மகனிடம் சொல்லக் கூசும் செய்தி, மகன் அறியாத சொல், மருத்துவர் கூறும் அச்சந்தரும் முடிவு ஆகிய மூன்றும் அச்சிறுவன் வழியாகவே செல்ல வேண்டும். வீட்டில் இதற்குரிய விளக்கம், அம்மா இன்னும் மொழி படிக்கவில்லை என்பதாகவே இருக்கும். சமூகவியல் மாணவர் மேலும் சில கேள்விகளைக் கேட்பார்: அவர் எந்நேரத்தில் எவ்விடத்தில் வேலை செய்தார்? அலுவலர் வந்து சேருமுன் அலுவலகத்தைத் துப்புரவு செய்து முடிப்பவர் அவ்வேலையில் எவருடன் நோர்வேஜியம் பேசிப் பழகுவார்? பொதுச் சேவைகள் மொழிபெயர்ப்பாளரை அழைக்காது பிள்ளையைப் பயன்படுத்தியது ஏன்?

ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே சுமக்கப்பட்ட இந்த இடர், காலப்போக்கில் பொதுச் சிக்கலாக அடையாளங் காணப்பட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோர்வேயின் மொழிபெயர்ப்பாளர் சட்டம், அவசர நிலை போன்ற விதிவிலக்குகள் தவிர, பொது நிறுவனங்கள் பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. மில்ஸ் கூறிய பாதை முழுவதையும் இவ்வொரு நிகழ்வில் மாணவர் காணலாம்.

இவ்வகைச் சிந்தனை நோர்வேக்குப் புதிதன்று. இறையியல் பயின்ற ஐலர்ட் சுன்ட் (1817–1875) 1855இல் நோர்வேயின் திருமணங்கள் பற்றிய ஆய்வை வெளியிட்டார். ஏழைகள் பொறுப்பின்றி மணம் செய்து பெருகுகின்றனர் என்ற குற்றச்சாட்டு அக்காலத்து மேலோரிடையே வழங்கியது. சுன்ட் எண்களைத் தொகுத்து நோக்கினார். நெப்போலியப் போர்கள் 1815இல் முடிந்தபின் பிறப்புகள் பெருகின. அப்பிள்ளைகள் மணவயதை எட்டிய 1840களில் திருமணங்களும் பெருகின. ஒழுக்கக் கேடு எனப் பழிக்கப்பட்டதன் பின்னே முந்திய தலைமுறையின் மக்கட்தொகை அலை இருந்தது. எமில் துர்கைம் தற்கொலை பற்றிய புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்ட 1897க்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பே, தனிவாழ்வின் முடிவெனத் தோன்றும் ஒன்றில் சமூகத்தின் ஒழுங்கு இயங்குவதை அவர் காட்டிவிட்டார். எந்த மக்களைக் குறைகூறுவது எளிதாக இருந்ததோ அவர்களைக் கணக்கெடுத்தும் கேட்டும் அறிய முற்பட்டமையே சுன்ட்டின் பணியில் மாணவர் கற்க வேண்டிய பாடம்.

2. எல்லிங்ஸ்ருட் என்னும் பாடநூல்

பீட்டர் பெர்கர் 1963இல் எழுதிய 'சமூகவியலுக்கு அழைப்பு' என்னும் நூலில், காண்பது காண்பதுபோல மட்டும் இருப்பதில்லை என்ற உணர்வே சமூகவியலின் முதற்படி என்னும் கருத்தை முன்வைத்தார். பழகிய இடத்தைப் புதிதாகப் பார்க்கும் பயிற்சியை மாணவர் தாம் வாழும் குடியிருப்பிலேயே தொடங்கலாம்.

முதற்கேள்வி, நாம் ஏன் இங்கு வாழ்கிறோம் என்பது. உறவினர் இருந்தார்கள், அதனால் வந்தோம் என்பது பெற்றோரின் விடை. அது உண்மையே, சங்கிலித் தொடர்ப் புலம்பெயர்வு எனச் சமூகவியல் கூறுவதும் அதுவே. ஆனால் அவ்வுறவினர் இங்கு வந்தது ஏன்? எல்லிங்ஸ்ருட் 1970களில் எழுந்த புறநகர்க் குடியிருப்பு. 1981இல் எல்லிங்ஸ்ருடோசன் நிலையம் திறக்கப்பட்டதும் சுரங்கத் தொடருந்து அதனை நகர மையத்தோடு இணைத்தது. 1929இல் தொடங்கப்பட்ட ஓபோஸ் போன்ற வீட்டுக் கூட்டுறவு அமைப்புகள் ஒஸ்லோப் புறநகர்களை உருவாக்குவதில் பெரும்பங்கு வகித்தன. கூட்டுறவு வீடுகளின்மீதான விலைக் கட்டுப்பாடு 1980களில் நீங்கியது. அதன்பின் வீடு வாங்க வந்த தமிழர் சந்தை விலையையே செலுத்த வேண்டியிருந்தது. நகரின் கிழக்கில் அவ்விலை குறைவு. உறவு, விலை, போக்குவரத்து, வேலையிடத்தின் அண்மை ஆகிய நான்கும் சேர்ந்தே ஒரு குடும்பத்தின் முகவரியை எழுதின.

இரண்டாம் கேள்விக்குத் தொடருந்தே ஆய்வுக்களம். இரண்டாம் இலக்கத் தடம் கிழக்கே எல்லிங்ஸ்ருடோசனில் தொடங்கி, நகர மையத்தைக் கடந்து, மேற்கே பாரும் நகராட்சியிலுள்ள ஓஸ்டெரோஸில் முடிகிறது. முனைக்கு முனை பயணம் செய்யும் மாணவர், ஏறுவோர் இறங்குவோரின் தோற்றமும் மொழியும் சன்னலுக்கு வெளியே வீடுகளின் அமைப்பும் மாறுவதைக் குறித்துக்கொள்ளலாம். ஒஸ்லோவின் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே வருமானத்திலும் ஆயுட்காலத்திலும் உள்ள வேறுபாடு நெடுங்காலமாக ஆய்வாளர் சுட்டிவருவது. நகர மண்டபம் இன்று நிற்கும் பிப்பர்விக்கன் ஒருகாலத்தில் வறியோர் குடியிருப்பு. சுன்ட் 1858இல் அதனையும் ஆராய்ந்து எழுதினார். சமூக அடுக்கமைவு என்னும் கலைச்சொல் இப்பயணத்துக்குப் பின் கற்பிக்கப்படின் மாணவர் மனத்தில் நிலைக்கும்.

மூன்றாம் கேள்வி, நம்மை எப்பெயரால் எண்ணுகிறார்கள் என்பது. நோர்வேயின் புள்ளிவிவரத் திணைக்களம் மக்களை நாட்டுவாரியாகவே பதிவுசெய்கிறது. இனத்தையோ தாய்மொழியையோ பதிவதில்லை. ஆகவே ஈழத்தமிழர் அங்கு 'இலங்கை' என்ற தலைப்புள் மறைகின்றனர். நோர்வேயில் பிறந்து, பெற்றோர் இருவரும் பாட்டன் பாட்டியர் நால்வரும் வெளிநாட்டிற் பிறந்தவராயின், அப்பிள்ளை 'நோர்வேயில் பிறந்த, குடிவரவுப் பெற்றோரையுடையவர்' என்ற வகுப்பில் சேர்க்கப்படும். அப்பிள்ளைக்கு நோர்வேயிலேயே பிறக்கும் குழந்தை அவ்வகுப்பில் சேராது. ஒரு தலைமுறையில் ஒட்டி, அடுத்த தலைமுறையில் உதிரும் இப்பெயர் மாணவரின் உடலிலோ பேச்சிலோ உள்ளதன்று. ஒரு நிறுவனத்தின் வரையறையில் உள்ளது. துர்கைம் 'சமூக உண்மை' என்றது இத்தகையதே. அது மனிதரால் ஆக்கப்பட்டது. எனினும் தனியொருவர் விரும்பி நீக்கக்கூடியதன்று.

நான்காவது, எழுதப்படாத விதிகள். வீட்டுக் கூட்டுறவுகளில் குடியிருப்போர் ஒன்றுகூடி முற்றம் பெருக்கிச் செடி நடும் 'டுக்னாட்' என்னும் வழக்கம், இலங்கையில் வளர்ந்தோர்க்குச் சிரமதானத்தை நினைவூட்டும். வாராதவர்க்குத் தண்டனை பெரும்பாலும் இல்லை. ஆயினும் வந்தவர் வாராதவரை அறிவர். வார இறுதியில் இரவு வேலை முடித்து உறங்கும் தந்தை, பங்கெடுக்க விரும்பாதவராக அண்டை வீட்டாருக்குத் தோன்றுகிறார். சமூக நியமம் எவ்வாறு இயங்குகிறது என்பதையும், ஒரே செயல் இருவேறு இடங்களிலிருந்து இருவேறு பொருள் பெறுவதையும் இங்குக் காட்டலாம்.

3. 'தமிழர் படிப்பில் கெட்டிக்காரர்'

நோர்வேயில் பிறந்த, இலங்கைப் பெற்றோரையுடைய இளைஞர் உயர்கல்வியில் சேரும் வீதம் நாட்டின் பொதுச் சராசரியைவிட உயர்ந்திருப்பதைப் புள்ளிவிவரத் திணைக்களத்தின் வெளியீடுகள் காட்டியுள்ளன. இதனைத் தமிழர் பெருமையுடன் கூறுவர்; நோர்வேஜியரும் பாராட்டுவர். பாராட்டாயினும் இது மேலே கூறிய பண்பாட்டு விளக்கத்தின் மறுபக்கமே என்பதை மாணவர் காண வேண்டும்.

இதற்கான சமூகவியல் விளக்கம் பல படிகள் கொண்டது. யாழ்ப்பாணத்தில் 1816இல் காலூன்றிய அமெரிக்க மிசனும், 1823இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரியும், அவற்றை எதிர்கொண்டு எழுந்த சைவப் பாடசாலைகளும் கல்வியை அரச வேலைக்குரிய வழியாக்கின. 1970களின் தொடக்கத்தில் வந்த பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல் அவ்வழியைக் குறுக்கியது. படித்தும் இடம் கிடைக்காத இளைஞர் வெளிநாடு நோக்கினர். நோர்வே 1975இல் தொழிலாளர் குடிவரவை நிறுத்தியபோதும் மாணவர்க்குரிய வாயில் திறந்திருந்தது. 'ஃபோல்க்கஹோய்ஸ்கூல' என்னும் மக்கள் உயர்பள்ளிகள் வழியாகத் தமிழ் இளைஞர் பலர் நுழைந்தனர். 1983க்குப் பின் அகதிகள் வந்தனர். மானிடவியலாளர் ஓய்வின் ஃபுக்லருட் 1999இல் வெளியிட்ட, நோர்வேத் தமிழர் பற்றிய நூல் இவ்வரலாற்றை விரிவாகக் கூறுகிறது.

வந்தவர்களுள் பலர் பள்ளிக் கல்வியை ஏற்கெனவே பெற்றிருந்தனர். ஆயின் வடமுனையின் ஃபின்மார்க் மாகாணத்து மீன் ஆலைகளிலும், ஒஸ்லோவின் சமையற்கூடங்களிலும் துப்புரவுப் பணியிலும் சேர்ந்தனர். தாம் இழந்த நிலையைப் பிள்ளைகள் வழியாக மீட்கும் வேட்கை அங்கே பிறந்தது. அவ்வேட்கை நிறைவேறுவதற்குக் கட்டணமற்ற பொதுப் பல்கலைக்கழகங்களும், 1947இல் நிறுவப்பட்ட அரச கல்விக் கடன் நிதியமும் துணையாயின. குடியேறியோரின் வேட்கையும் குடியேறிய நாட்டின் அமைப்பும் கூடியதன் விளைவே இச்சாதனை.

இவ்விளக்கம் சாதனையைக் குறைப்பதாகச் சிலர் கருதக்கூடும். ஆனால் வகுப்பறையின் கடைசி வரிசையில் இருக்கும் மாணவரை எண்ணும்போதுதான் அதன் தேவை புலப்படும். படிப்பு இரத்தத்தில் ஊறியதாயின், படிக்க இயலாத பிள்ளை இரத்தத்திலேயே பிழையுடையது என்றாகிறது. அப்பிள்ளை தன்னைத் தமிழரல்லாதவராக உணர்வதும், பெற்றோர் விழாக்களைத் தவிர்த்து ஒதுங்குவதும் அதன் விளைவுகள். வெற்றிக்கு வரலாறு உண்டென அறிந்த சமூகமே தோல்விக்கும் வரலாறு உண்டென ஏற்று, அப்பிள்ளைக்கு இடமளிக்கும்.

முயற்சி செய்யாமைக்குச் சமூகவியல் சாக்குக் கற்பிக்கும் என்ற பெற்றோரின் அச்சத்துக்கும் இங்கு விடை கூறலாம். சதுரங்கக் காய்கள் நகரும் விதியை அறிந்தவர் ஆட்டத்தைக் கைவிடுவதில்லை, அறிந்து ஆடுகிறார். எத்தடை தம்மால் கடக்கத்தக்கது, எது பலர் கூடி நீக்க வேண்டியது என்று பிரித்தறியும் மாணவரின் முயற்சி வீணாவதில்லை.

4. நம்மை நாமே நோக்குதல்

சமூகவியல் நோக்கு பெரும்பான்மையினரை விமர்சிப்பதற்கு மட்டும் பயன்படின் அது பாதி நோக்கே. ராபர்ட் மெர்ட்டன் 1949இல் வெளியிட்ட நூலில் ஒரு வழக்கத்தின் வெளிப்படைத் தொழிற்பாட்டையும் மறைமுகத் தொழிற்பாட்டையும் வேறுபடுத்தினார். தமிழ்ப் பள்ளியின் வெளிப்படைத் தொழிற்பாடு மொழி கற்பித்தல். பிள்ளைகள் வகுப்பிலிருக்க நடைவழியில் காத்திருக்கும் பெற்றோர் வேலை வாய்ப்பையும் வீட்டு விலையையும் மணமகன் மணமகள் செய்திகளையும் பகிர்வது மறைமுகத் தொழிற்பாடு. பின்னது இல்லையேல் முன்னது நெடுங்காலம் நிலைத்திருக்குமா என்பது மாணவர் விவாதத்துக்குரிய நல்ல வினா.

அதே நடைவழியில் இன்னொரு வினாவும் கேட்கப்படும்: 'ஊரிலை நீங்கள் எவடம்?' உறவை நாடும் அன்பான வினா அது. ஊர், அதன் குறிச்சி, கோயில், பள்ளி என விடை ஒவ்வொரு படியாக நுணுகும்போது, வாயால் கேட்கப்படாத சாதி அறியப்பட்டுவிடுவதும் உண்டு. கேட்பவர் அதனை எண்ணாமலேயே கேட்டிருக்கவும் கூடும். மறைமுகத் தொழிற்பாட்டுக்கு எண்ணம் தேவையில்லை. திருமணப் பேச்சு எழும்வரை சாதி என்ற சொல்லையே வீட்டில் கேளாத இளையோர், அப்போது திடீரென அதனை எதிர்கொள்கின்றனர். அவ்வேளையில் கோபமோ ஓட்டமோ மட்டும் அவர்க்கு எஞ்சாமல், நிகழ்வதைப் பெயரிட்டுப் பேசும் ஆற்றலையும் அவர் பெற்றிருத்தல் வேண்டும்.

இத்தகைய களங்களில் மாணவரை இறக்குமுன் ஆய்வறம் கற்பிக்கப்படல் வேண்டும். நோர்வேயில் சமூக அறிவியல், மானிடப் பண்பியல் ஆகியவற்றுக்கான தேசிய ஆய்வற ஆணைக்குழு 1990இல் நிறுவப்பட்டது. உடன்பாடு பெறுதல், பெயரை மறைத்தல், தீங்கு செய்யாமை என்னும் அடிப்படைகள் எல்லார்க்கும் பொது. போரைக் கடந்து வந்த குடும்பங்களில் அவை மேலும் கனம் பெறுகின்றன. சிலர் பேசாதிருப்பது மறதியால் அன்று. அம்மௌனத்தை மதிப்பதும் மாணவர் கற்க வேண்டிய முறையியலே.

5. சொற்களின் வழியே சிந்தித்தல்

தமிழில் சமூகவியலைக் கற்பிக்கும்போது முதலில் இடறுவது 'சமூகம்' என்ற சொல்லே. இலங்கைப் பள்ளிகளில் ஒருவர் 'சமூகமளித்தார்' என்றால் அவர் வந்திருந்தார் என்று பொருள். தமிழக வழக்கில் ஒருவர் 'எந்தச் சமூகம்' என்று வினவுவது சாதியை அறியவாகவும் இருக்கும். சமூகவியலிலோ அது மாந்தர் உறவுகளின் முழு அமைப்பு. வருகை, சாதி, மாந்தர் அமைப்பு ஆகிய மூன்று பொருளும் ஒரே சொல்லில் இருப்பதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. யார் வந்திருப்பதாகக் கொள்ளப்பட்டனர், யார் எண்ணப்படவில்லை என்ற வினா இச்சொல்லின் வரலாற்றுக்குள்ளேயே உண்டு. தந்தை, மாணவி, ஊழியர் என ஒருவர் ஏற்கும் நிலைக்குரிய நடத்தையை இலங்கைப் பாடநூல்கள் 'வகிபாகம்' என்னும். தமிழகத்தார் 'பங்கு' என்பர். புலம்பெயர் வகுப்பறை இருவழக்கையும் அறிமுகப்படுத்துதல் நன்று.

மானிடவியலாளர் மரியானே குல்லஸ்தாத் (1946–2008) நோர்வேஜியச் சமூகத்தை ஆராய்ந்து, அங்குச் சமமாக நடத்தப்படுவதற்கு ஒத்தவராகத் தோன்ற வேண்டியுள்ளது என்று காட்டினார். 'லீக்ஹேத்' என்னும் நோர்வேஜியச் சொல் சமத்துவம், ஒத்தன்மை ஆகிய இரண்டையும் குறிக்கும். தமிழில் இவை இரு சொற்கள். பள்ளிக்குக் கொண்டுசென்ற சோற்றுப் பெட்டியை மூடி ஒளித்து உண்ணும் பிள்ளைக்கு, சமத்துவம் வேண்டும், அதற்காக ஒத்தன்மை கட்டாயமாதல் ஆகாது என்று தமிழில் தெளிவாகச் சொல்ல முடிகிறது. ஒரு மொழி சேர்த்து வைத்ததை இன்னொரு மொழி பிரித்துக் காட்டும் இவ்விடத்தில், இருமொழி அறிவு சுமை என்ற நிலை மாறி ஆய்வுக் கருவியாகிறது.

முடிவுரை

சமூகவியல் நோக்கை அறிமுகப்படுத்துதல் என்பது கோட்பாட்டாளர் பெயர்களை மனனஞ் செய்வித்தலன்று. முகவரி, தொடருந்து, புள்ளிவிவர வகுப்பு, மருத்துவர் அறை, தமிழ்ப் பள்ளி நடைவழி ஆகியவற்றினின்று கேள்விகளை எழுப்பி, பின் அவற்றுக்குரிய கருத்தாக்கங்களை வழங்குதலே பயனுள்ள முறை. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் மேல்வகுப்புகளில் இதற்கெனச் சில பாடவேளைகளை ஒதுக்குதலும், இலங்கை, தமிழகக் கலைச்சொற்களை நோர்வேஜியச் சொற்களோடு ஒப்பிடும் சிறு கையேடொன்றை ஆக்குதலும் உடனடியாகச் செய்யத்தக்கவை.

மரபைப் போற்றுவதற்கு மட்டும் தமிழ், வாழ்வை விளங்கிக்கொள்வதற்கு நோர்வேஜியம் என்ற பிரிவு நிலைத்துவிடின், அடுத்த தலைமுறையில் தமிழ் விழா மேடையின் மொழியாகச் சுருங்கும். தாய் ஏன் நோர்வேஜியம் கற்க இயலாதுபோனார் என்பதை மகளும், மகள் ஏன் தோழியின் வீட்டில் தங்க விரும்புகிறாள் என்பதைத் தாயும் ஒரே மொழியில் பேசி அறியக்கூடுமாயின், அம்மொழி எல்லிங்ஸ்ருட்டில் வாழும் மொழியாக இருக்கும். புலம்பெயர் நாடுகளில் தமிழ்க் கல்வியைத் திட்டமிடுவோர் இலக்கண இலக்கியத்தோடு சமூகவியலையும் அதன் பகுதியாக ஏற்பதற்குரிய காரணம் இதுவே.